உங்களுக்குத் தெரியுமா? துப்பு கிடைக்கும் ஊர்

● பீரோ சாவியைக் காணோம், மூக்குத்தித் திருகைக் காணோம் என்றால் நம் வீட்டுப் பெரியவர்கள் போலீசுக்குப் போவதில்லை. ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து வைத்து, “அரைக்காசு அம்மா, கண்டுபிடிச்சுக் குடுத்துடு” என்பார்கள். அந்த அம்மன் குடியிருப்பது புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில். கோயிலில் அவள் பெயர் பிரகதாம்பாள். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். காணாமல் போனதைத் தேடித் தருவதற்கென்றே ஒரு தெய்வம் இருக்கும் ஊரை விட்டுவிட்டு, சரித்திர மர்மக் கதை எழுத நினைப்பவர் வேறு எங்கே போய்ப் பிள்ளையார் சுழி போடுவது? இந்தத் துணுக்குகள் அவர்களுக்காக.

● ‘அரைக்காசு’ என்ற செல்லப்பெயர் வந்தது, நவராத்திரியில் புதுக்கோட்டைச் சமஸ்தானம் அரிசியோடு சேர்த்து வழங்கிய சின்னஞ்சிறு செப்புக் காசால். ஒரு பக்கம் அம்மன். மறுபக்கம் ‘விஜய’ என்ற சொல், அதுவும் தெலுங்கு எழுத்தில். தமிழ்ச் சீமைக் காசில் தெலுங்கு எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் நீங்கள் துப்பறிவாளர் ஜாதி. தொடர்ந்து படிக்கலாம்.

● தமிழில் முதல் துப்பறியும் கதை 1894இல் வந்தது. பண்டித நடேச சாஸ்திரி எழுதிய அந்தப் புத்தகத்தின் நாயகன் தானவன் என்ற போலீஸ் நிபுணன். நடேச சாஸ்திரிக்குச் சோறு போட்ட வேலை என்ன தெரியுமா? தொல்லியல் துறையில் கல்வெட்டும் செப்பேடும் படிப்பது. தமிழ், சமஸ்கிருதக் கல்வெட்டுகளைத் தொகுத்து 1886இல் வெளியான அரசாங்கத் தொகுதி ஒன்றில் அவர் உழைப்பு இருக்கிறது. தேய்ந்த எழுத்தைத் தடவித் தடவிப் படித்துப் பழகிய கண்தான் கொலைகாரனின் காலடித் தடத்தையும் முதலில் தேடியிருக்கிறது.

● தமிழின் முதல் சரித்திர நாவல் எனப்படும் ‘மோகனாங்கி’ அதற்கு அடுத்த ஆண்டே, 1895இல் வந்துவிட்டது. திருச்சி, தஞ்சை நாயக்கர் காலத்துக் கதை. எழுதியவர் திருகோணமலை த. சரவணமுத்துப் பிள்ளை; சென்னையில் சுவடி நூலகப் பொறுப்பில் இருந்தவர். ஆக, துப்பறியும் கதையும் சரித்திர நாவலும் தமிழில் ஓராண்டு இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி. இருவரையும் பெற்றவர்கள் பழைய எழுத்தோடு மல்லுக்கட்டியவர்கள். அப்படியும் இந்த அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியது நம்மிடம் குறைவு. எனக்கு இது பெரிய மனக்குறை.

● போகிற போக்கில் ஒன்று: சரவணமுத்துப் பிள்ளையின் திருகோணமலைக்கும் பழைய பெயர் கோகர்ணம்தான். மகாவம்சம் ‘கோகண்ண’ என்று சொல்லும்.

● அமெரிக்காவில் எட்கர் ஆலன் போ முதல் துப்பறியும் கதையை எழுதியது 1841இல். மெல்வில் டேவிசன் போஸ்ட் 1911இல் எழுதத் தொடங்கிய ‘அங்கிள் ஆப்னர்’ கதைகள், அதற்குப் பல பத்தாண்டு முந்தைய வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் நடப்பவை. கைரேகை கிடையாது, தடயவியல் கூடம் கிடையாது. ஆப்னரிடம் இருந்தவை பைபிளும் கூர்ந்த கண்ணும். அகதா கிறிஸ்டி 1944இல் ஒரே தாவாகப் பழைய எகிப்துக்கே போய்க் கொலை செய்துவிட்டு வந்தார்.

● எகிப்து வரை போவானேன்? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, தமிழ்நாட்டின் மிகப் பழைய கொலை வழக்கு ஆவணங்களில் ஒன்று. ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சியாண்டு. அவன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற சகோதரர்களின் பெயர் அதில் வருகிறது. அவர்கள் சொத்தும் உறவினர் சொத்தும் பறிமுதல். பெயர் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. எங்கே கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், யார் தூண்டினார்கள்? ஒரு வார்த்தை இல்லை. கொலை நடந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் கல்லில் ஏறியிருக்கிறது. இடையில் அரசாண்டவர் சித்தப்பா முறையான உத்தம சோழன். நீலகண்ட சாஸ்திரிக்கு அவர் மேல் சந்தேகம் விழுந்தது. சதாசிவ பண்டாரத்தார் அவருக்காக வாதாடினார். இரண்டு பேராசிரியர்கள், ஒரு குற்றவாளிக் கூண்டு. நாவலை விட நன்றாக இருக்கிறது.

● கல்கி ‘பொன்னியின் செல்வ’னில் அந்தக் கொலையைக் கடம்பூர் மாளிகையில் வைத்தார். அது முழுக்க அவர் கற்பனை. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வாசகரை இழுத்துக்கொண்டு போனவர், கத்தியைச் செருகியது யார் கை என்பதை மட்டும் கடைசி வரை அறுதியிட்டுச் சொல்லவில்லை. கல்லில் இல்லாததை நானும் சொல்ல மாட்டேன் என்ற கண்ணியமா, வாசகரைத் தவிக்க விடும் குறும்பா? இரண்டும்தான் என்பது என் கட்சி.

● கல்கியின் வானதி நம் மாவட்டத்துப் பெண், கொடும்பாளூர் இளவரசி. அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ நாயகன் இளங்கோவும் கொடும்பாளூர்க்காரன். அகிலன் பிறந்தது புதுக்கோட்டை–தஞ்சாவூர் சாலையில் இருக்கும் பெருங்களூர். ஈழத்தில் ஒளித்து வைக்கப்பட்ட பாண்டிய மணிமுடியை ராஜேந்திர சோழன் மீட்டு வந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதிய அந்த நாவலுக்கு 1963இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. காணாமல் போன பொருளைத் தேடும் கதைதான் அதுவும்.

● கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனால் இரண்டு கோயில்தான் நிற்கும். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். கொடும்பாளூரை ஆண்ட இருக்குவேளிர் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரண்டு ராணிமார் பெயரிலும் கட்டியவை. அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்குவேளிர் வம்சாவளியையே சொல்கிறது. ஆனால் ஆண்டைச் சொல்லவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசியா, பத்தாம் நூற்றாண்டின் நடுவா என்று அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கதை எழுதுகிறவருக்கு அரை நூற்றாண்டு இலவசம்.

● சுஜாதா தன் கணேஷ்–வசந்த் ஜோடியை ராஜராஜ சோழன் காலத்துக்கு அனுப்பியதுதான் ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’. வக்கீல் கணேஷ் அங்கே கணேச பட்டர். வசந்த் அங்கேயும் வம்பில் மாட்டிக்கொள்கிற வசந்தகுமாரன். அவருடைய இன்னொரு சரித்திரக் கதைக்கு வேறு அனுபவம். 1857 பின்னணியில் ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ என்று தொடங்கியது எதிர்ப்பால் நின்றுபோய், பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று மறுபிறவி எடுத்தது.

● துப்புக்கு எங்கே போவது? திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் குடியிருக்கும் கோகர்ணேசுவரர் கோயிலே குடைவரை. பாறையைக் குடைந்த கருவறை. கல்வெட்டுகள் பல காலத்தவை. அதே ஊரில் 1910இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். சமஸ்தானமே 1929இல் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலத்தை வம்ச வாரியாகப் பிரித்து அச்சுப் போட்டது. பின்னாளில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. ஒரு சின்னச் சமஸ்தானம் செய்த வேலை இது. இங்கே எந்த ஊர்க் கோயிலில் யார் எத்தனை ஆடு கொடுத்து விளக்கேற்றினார் என்று உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம்.

● அதோடு ஞானாலயா. ஆசிரியப் பணியில் இருந்த பா. கிருஷ்ணமூர்த்தி–டோரதி தம்பதி தங்கள் சம்பாத்தியத்தில் புத்தகம் புத்தகமாகச் சேர்த்துத் திருக்கோகர்ணத்தில் உருவாக்கிய ஆய்வு நூலகம். தொகை லட்சத்தைத் தொடும். தமிழ் நூல்களின் முதல் பதிப்புகளைத் தேடிச் சேர்த்ததுதான் இதன் பெருமை. முதல் பதிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பின்னால் வந்த பதிப்பில் விளம்பரம் போய்விடும், முன்னுரை போய்விடும், விலை மாறிவிடும். 1920இல் ஒரு சோப்பின் பெயர் என்ன, ஒரு நாவல் எத்தனை அணா என்பதெல்லாம் அந்தப் பின்னட்டையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சரித்திரக் கதைக்கு உயிர் கொடுப்பவை இந்தப் பின்னட்டைகள்.

● 1898இல் நம் மாவட்டத்து ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. வெஸ்பாசியன் காலம் வரையிலான பேரரசர்களின் முகங்கள். பெரும்பாலான காசுகளில் அந்த முகத்தின் மேல் உளியால் ஒரு வெட்டு! பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜார்ஜ் ஹில் இதைப் பற்றி எழுதினார். தேய்ந்த காசு இனிச் செல்லாது, உருக்கிவிடலாம் என்று போட்ட அடையாளம் என்பது ஒரு விளக்கம். அந்நிய ராஜாவின் முகம் நம் மண்ணில் புழங்கக் கூடாது என்று நினைத்திருக்கலாம் என்பது இன்னொன்று. உளி பிடித்தவன் எதையும் எழுதி வைக்கவில்லை. ஒரு மனிதன் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான தங்க முகங்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்கும் காட்சியை முதல் அத்தியாயமாக வைத்தால் யார் புத்தகத்தைக் கீழே வைப்பார்கள்?

● அரண்மனை மர்மம் வேண்டுமா? புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915 ஆகஸ்டில் மெல்போர்னில் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். பிரிட்டிஷ் அரசு அவரை மகாராணியாக ஏற்கவில்லை. தம்பதி புதுக்கோட்டைக்கு வந்தார்கள். மோலி கருவுற்றிருந்தபோது அவருக்கு அரளி நஞ்சு கொடுக்கப்பட்டதாக அவர்கள் வரலாற்றை எழுதிய எட்வர்ட் டைக்கரும் கோரலி யங்கரும் சொல்கிறார்கள். சில மாதங்களிலேயே ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். 1916இல் மகன் பிறந்தான். பெயரில் சிட்னி சேர்ந்தது. மன்னர் 1928இல் பாரிசில் இறந்தார், மோலி 1967இல். நஞ்சு வைத்ததாக யார் மேலும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அரளியோ புதுக்கோட்டையில் வேலிதோறும் பூக்கிறது. கோட்டைக்குள் இருந்த அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு காரணம் இருந்தது. இதை வைத்துத் தமிழில் நல்ல மர்ம நாவல் ஒன்று வந்தே தீர வேண்டும்.

● சோழர் காலக் கதையில் எதிரியின் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவித் தப்பிக்க முடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துக்கீசியர் கப்பல்கள் வந்த பிறகுதான் நம் கரை தொட்டது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, மரவள்ளி, சீத்தாப்பழம், புகையிலை எல்லாமே அந்தக் கணக்குதான். துலுக்கச் சாமந்திகூட மெக்சிகோக்காரி. எந்தக் காலத்தில் அமெரிக்கா எங்கோ கடலுக்கு அப்பால் இருந்தது? நம் அஞ்சறைப் பெட்டியில் அல்லவா இருக்கிறது! வெகுநாள் முன்பு ராஜேந்திரன் படைவீரன் ஒருவனுக்கு நான் வத்தக்குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். கதை அச்சானதும் ஒரு போஸ்ட் கார்டு வந்தது: “ஐயா, வற்றல் மிளகாய் எந்தத் துறைமுகத்தில் இறங்கியது?” அதன் பிறகு என் வீரர்கள் மிளகு ரசம்தான் சாப்பிடுகிறார்கள்.

● ‘இரவு பத்து மணிக்கு’ என்று எழுதினாலும் மாட்டிக்கொள்வீர்கள். அன்றைய கணக்கு நாழிகை: நாளுக்கு 60, ஒன்றுக்கு 24 நிமிடம். கொலை நடந்தபோது நான் அங்கே இல்லை என்று சாதிப்பவனை நாழிகைக் கணக்கில்தான் மடக்க வேண்டும்.

● சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை ஒருவர் விட்டு ஒருவராக மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். ‘பரகேசரியின் ஐந்தாம் ஆண்டு’ என்று மட்டும் கல்வெட்டில் இருந்தால் அது எந்தப் பரகேசரி? எழுத்தமைதியைப் பார்க்க வேண்டும். கிழமை, நட்சத்திரம் இருந்தால் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையிடம் போக வேண்டும். கி.பி. 700 முதல் 1799 வரை நாளுக்கு நாள் பஞ்சாங்கம் கணித்து 1922இல் அவர் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் கல்வெட்டாளர் கையில் புரளுகின்றன. கணிப்பொறி இல்லாத காலத்தில் செய்தது. நினைத்தாலே தலை சுற்றுகிறது.

● 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்கள். தேதி? ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10. பிரெஞ்சுக்காரர் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் சரி. ஆங்கிலேயர் அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தார்கள், புதுச்சேரியில் கிரிகோரியன். புதுச்சேரியில் எழுதிய கடிதம், எழுதும் முன்னரே சென்னைக்கு வந்து சேர்ந்ததுபோலத் தெரியும்! 1752இல் பிரிட்டனும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களும் செப்டம்பர் 2க்கு மறுநாளை 14 என்று அறிவித்துத்தான் இந்தப் பதினோரு நாள் வித்தியாசம் ஒழிந்தது. அந்தக் காலத்து அமெரிக்கக் கதை எழுதுகிறவர்கள் முதலில் இடறி விழும் இடம் இது.

● அந்தக் காலத்துக்கு நமக்கு ஒரு சாட்சி இருக்கிறார்: ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷான (மொழிபெயர்ப்பாளரான) அவர், ஊர் வம்பு முதல் சரக்கு விலை வரை விடவில்லை. பிரபஞ்சன் அதிலிருந்து எடுத்ததுதான் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’. பின்னதற்கு 1995இல் சாகித்ய அகாடமி விருது.

● பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை எப்படித் திரும்பி வந்தது? சண்டை போட்டு அல்ல, பண்டமாற்று. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் கைப்பற்றியிருந்த லூயிஸ்பர்க் கோட்டையை 1748 உடன்படிக்கையில் பிரான்சுக்குக் கொடுத்து, சென்னையை வாங்கிக்கொண்டார்கள். பாஸ்டன் பக்கத்துக் குடியேறிகள் உயிரைக் கொடுத்துப் பிடித்த கோட்டை அது. அவர்கள் வயிறெரிந்ததில் நம் ஊருக்கும் பங்கு உண்டு.

● இன்னொரு அமெரிக்கத் தொடர்பு: அமெரிக்க விடுதலைப் போரில் பென்சில்வேனியாவின் போர்க்கப்பல் ஒன்றுக்குப் பெயர் ‘ஹைதர் அலி’. 1782 ஏப்ரலில் ஆங்கிலேயக் கப்பல் ஒன்றைப் பிடித்தும் காட்டியது. அதே நேரம் புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆங்கிலேயர் பக்கம் நின்று நிஜ ஹைதரை எதிர்த்துக்கொண்டிருந்தார்.

● 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்ற கார்ன்வாலிஸ்தான் 1792இல் திப்புவிடமிருந்து பாதி ராஜ்யத்தை வாங்கியவர்.

● அடுத்து சேலம். நம் மாம்பழச் சேலம் அல்ல; அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம். 1692இல் அங்கே சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லடுக்கி நசுக்கினார்கள். விசாரணையை ஆதரித்துப் புத்தகம் எழுதிய பாதிரியார் காட்டன் மாதர். அதே 1692இல் சென்னைக் கோட்டையின் கவர்னர் பதவியை இழந்தவர் எலிஹு யேல். 1718இல் மாதர் யேலுக்குக் கடிதம் எழுதி ஒரு கல்லூரிக்கு நன்கொடை கேட்டார். யேல் அனுப்பியவை ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், ராஜாவின் படம் ஒன்று. சரக்கு 562 பவுண்டுக்கு விலை போனது. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்தது அப்படித்தான். சூனிய வழக்கும் சென்னைப் பணமும் ஒரே கடித உறைக்குள்.

● வர்ஜீனியாவில் வேலைக்கு ஆள் கொண்டுவருகிறவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் தரும் வழக்கம் இருந்தது. 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் கொடுத்த பட்டியலில் ‘டோனி’ என்று ஒரு பெயர். பக்கத்தில் கிழக்கிந்தியன் என்ற குறிப்பு. அவ்வளவுதான். இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு பிருந்தா சாரி 2023இல் ‘தி ஈஸ்ட் இந்தியன்’ என்ற ஆங்கில நாவலை எழுதினார். அவருடைய டோனி சோழமண்டலக் கரையில் தமிழ் பேசி வளர்ந்த பையன்.

● இன்னும் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. அதே மாசசூசெட்ஸ் சேலத்தில் வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் 1790 டிசம்பர் 29 அன்று நாட்குறிப்பில் எழுதினார்: மதராஸிலிருந்து வந்த ஒருவரை இன்று முதன்முதலாகப் பார்த்தேன் என்று. நல்ல உயரம், நீண்ட கறுத்த முடி, சாந்தமான முகம், அமெரிக்கப் பூர்வகுடிகளைவிடக் கறுப்பு நிறம் என்றெல்லாம் வர்ணித்தவர், அந்த ஆளின் பெயரை மட்டும் எழுத மறந்துவிட்டார். பெயர் வைக்கும் வேலையை யாராவது புதுக்கோட்டைக்காரர் எடுத்துக்கொள்ளுங்கள். நாவல் அச்சானதும் முதல் பதிப்பில் ஒரு பிரதியை மறக்காமல் ஞானாலயாவுக்குக் கொடுங்கள். வழியில் அரைக்காசு அம்மனுக்கு ஒரு துண்டு வெல்லம்.